கீசகன் செத்தான்… மயிலு காத்திருந்தாள்!

சின்ன முதலீட்டுக் கிராமத்துப் படங்களும் வட ஆற்காட்டுக் கூத்தும் பொறாமையையும் சபலத்தையும் சொன்ன விதம். ரமணாசிரமத்துப் பக்கத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

ரமணாசிரமத்தில் மாலைப் பாராயணம் முடிந்து வெகுநேரம் ஆகிவிட்டது. செங்கம் சாலைக் கடைகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்குகின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், கிரிவலப் பாதையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊர்த் திடலில் அப்போதுதான் ஹார்மோனியத்துக்குச் சுருதி கூட்டுகிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் பாரதம். இன்றைக்கு விராட பர்வம். பாயை விரித்து முன்னமே இடம் பிடித்துவிட்ட பெண்கள், மடியில் தூங்கிப்போன பிள்ளைகள், வேர்க்கடலைத் தள்ளுவண்டி. இரண்டு பேர் கையில் பிடித்திருக்கும் திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி ஆடுகிறது. கீழே சலங்கை கட்டிய கால்கள் மண்ணை உதைக்கின்றன. முகவீணை உச்சத்துக்கு ஏறியதும் திரை விலகுகிறது. கீசகன் வந்துவிட்டான்.

ராஜாவின் மைத்துனன். படைத் தலைவன். ஊரே நடுங்கும் ஆள். அந்தப்புரத்தில் வேலைக்கு வந்திருக்கும் சைரந்திரி மேல் கண் வைக்கிறான். அவள் திரௌபதி என்பது பாயில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. கட்டியக்காரன் அவனைச் சீண்டிச் சீண்டிப் பேச, பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு அலையாக வருகிறது. விடியற்காலை மூன்று மணி சுமாருக்கு, புடவை கட்டிப் போர்த்திக்கொண்டு காத்திருக்கும் பீமனிடம் கீசகன் கொஞ்சலோடு வருகிறான். தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி, ‘எழுந்து பாருடா’ என்கிறாள் ஓர் அம்மா. அடுத்த கால் மணி நேரம் திடல் முழுக்க ஆரவாரம்.

இந்தக் கதைக்கு அரண்மனை செட் கிடையாது. ஒரு திரை, சில மரப்பெட்டிகள், அரிதாரம், நான்கு வாத்தியம், விடியும்வரை தாங்கும் தொண்டைகள். பொறாமை, சபலம், பழி என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்தை இரவு முழுக்க உட்கார வைக்க இவ்வளவே போதும். இதே மூன்று சரக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, இதே மாதிரி சொற்பச் செலவில், 1970-களின் கடைசியில் தமிழ் சினிமா ஒரு பாய்ச்சல் பாய்ந்தது. நடிகர் ராஜேஷ் 2025 மே 29-ஆம் தேதி காலமானபோது அந்தப் படங்கள் மறுபடியும் பேச்சுக்கு வந்தன. பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த அவரைக் கதாநாயகனாக்கிய ‘கன்னிப் பருவத்திலே’ அந்த வரிசையில் வந்த ஒரு படம்தான்.

ஒரே வருடம், ஒரே கொதிப்பு

1979-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை பிறந்த அன்று, ஏப்ரல் 14-இல், பாரதிராஜாவின் ‘புதிய வார்ப்புகள்’. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் கண், ஒரு பெண் மேல் விழுகிறது. அவளுக்கும் ஊருக்கு வந்த வாத்தியாருக்கும் நடுவில் அவர் செய்யும் சூழ்ச்சிதான் கதை. மே மாதம் தேவராஜ் – மோகன் இயக்கத்தில் ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’. சிவகுமாரின் 100-ஆவது படம். பெண்கள் ரவிக்கை போடாத ஒரு மலைக்கிராமத்துக்கு டவுனிலிருந்து மனைவியைக் கூட்டி வருகிறான் அப்பாவி செம்பட்டையன். அவள் மனம் இன்னொருவன் பக்கம் போகிறது. செப்டம்பரில் பி.வி.பாலகுருவின் ‘கன்னிப் பருவத்திலே’. மாடு முட்டியதில் ஆண்மையை இழந்துவிட்ட கணவன், அந்த ரகசியம் தெரிந்துகொண்டு அவன் மனைவியைச் சுற்றும் நண்பன். அக்டோபரில் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’. மனைவியை வதைத்து, அவள் தங்கைமேல் ஆசை வைக்கும் சுந்தரவடிவேலு.

ஏழு மாதத்துக்குள் நான்கு படங்கள். நான்கிலும் கிராமம், நான்கிலும் பிறன் ஒருவனின் மனைவியோ, ஒருவன் நேசிக்கிற பெண்ணோ மற்றொருவனின் கண்ணில் விழுகிறாள். அன்றைக்கு எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆகி சினிமாவை விட்டு விலகியிருந்தார். பெரிய ஸ்டூடியோக்களின் ஆட்சி தளர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் இவர்கள்.

கதவைத் திறந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த ‘16 வயதினிலே’. 1977 செப்டம்பர் 15-இல் வெளியான அந்தப் படத்தின் செலவு ஐந்து லட்சம் ரூபாய் சுமாருக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. கமலுக்கு 27 ஆயிரம், ஸ்ரீதேவிக்கு 9 ஆயிரம், ரஜினிக்கு 2,500 என்பார்கள். தயாரிப்பாளர் எஸ்.ஏ.ராஜ்கண்ணு. படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் தயங்க, அவரே இறங்கி வெளியிட்டார். ‘செந்தூரப்பூவே’ பாட்டில் ஸ்ரீதேவி மிதப்பதுபோல ஓடி வருவாரே, அதற்கான ஸ்லோமோஷன் கேமராவுக்குக் காசில்லை. ஸ்ரீதேவியையே மெதுவாக ஓடச் சொல்லி எடுத்தார்கள். அந்தப் பாட்டுக்கு எஸ்.ஜானகிக்கு தேசிய விருது கிடைத்தது.

ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். தமிழ் கிராமம் என்று நாம் நெஞ்சில் ஒட்டி வைத்திருக்கும் அந்த ஊர் தமிழ்நாட்டிலேயே இல்லை. படப்பிடிப்பு நடந்தது மைசூர், கொள்ளேகால் பக்கம்.

ராஜ்கண்ணுவைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘16 வயதினிலே’, ‘கிழக்கே போகும் ரயில்’, ‘கன்னிப் பருவத்திலே’, பிறகு ‘மகாநதி’. முகம் தெரியாத இயக்குநர்களையும் நடிகர்களையும் நம்பிப் பணம் போட்டவர். 2023 ஜூலையில் காலமானார். பெரிய நடிகர்களின் பிறந்தநாளைக் கொண்டாடும் தமிழ் சினிமா, இவர் பெயரில் ஒரு விருதாவது வைத்திருக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: தென்னிந்தியாவின் முதல் கதைப்படமும் கீசகன் கதைதான்!

வேலூரில் பிறந்து, சென்னையில் மோட்டார் வண்டி வியாபாரம் செய்த ஆர்.நடராஜ முதலியார், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பழகிக்கொண்டு வந்து எடுத்த மௌனப் படம் ‘கீசக வதம்’. 1918-இல் வந்தது என்பார்கள், 1917 என்றும் சொல்வதுண்டு. கீழ்ப்பாக்கம் மில்லர்ஸ் சாலையில் படப்பிடிப்பு. செலவு சுமார் 35 ஆயிரம் ரூபாய். பம்மல் சம்பந்த முதலியார் யோசனைகள் சொன்னார். படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. மகாபாரதத்தில் எத்தனையோ கதைகள் இருக்க, வட ஆற்காட்டு மண்ணிலிருந்து வந்த ஒருவர் தன் முதல் படத்துக்குக் கீசகனை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதைத் திடலில் கூத்து பார்த்தவர்களால் சட்டென்று புரிந்துகொள்ள முடியும்.

பஸ்ஸில் வந்து இறங்குபவன்

இந்தப் படங்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தால் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். வெளியூர்க்காரன். ‘16 வயதினிலே’யில் பேன்ட் சட்டை போட்ட கால்நடை மருத்துவர். ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யில் நகரத்து வாடையோடு பழகும் மாணிக்கம். ‘கன்னிப் பருவத்திலே’யில் பாக்யராஜ் செய்த சீனு. ஊரில் இல்லாத சோப்பு வாசம், இங்கிலீஷ் வார்த்தை, பவுடர், பேச்சில் ஒரு நைச்சியம். ஒரு பெண்ணின் ஆசைக்கு முகம் கொடுக்க வேண்டும் என்றால் ரயிலிலோ பஸ்ஸிலோ ஒருவன் வந்து இறங்கியாக வேண்டும் என்று அன்றைய கதாசிரியர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். ஊருக்குள்ளேயே இருக்கும் ஆசையைச் சொல்லத் துணிவில்லாதபோது பழியை வெளியே தள்ளிவிடுவது வசதி.

ஆனால் உண்மையில் அழிவைச் செய்வது பெரும்பாலும் வெளியூர்க்காரன் இல்லை என்பதையும் அதே படங்கள் நேர்மையாகக் காட்டிவிடுகின்றன. ‘16 வயதினிலே’யின் நாயகி மயிலு (ஸ்ரீதேவி) டாக்டரிடம் எல்லை மீறவில்லை. கல்யாணத்துக்கு முன் எதுவும் கூடாது என்று மறுத்தவள் அவள். அவன் போய்விடுகிறான். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையைக் கிழித்துப் போடுவது ஊர்ச் சண்டியர் பரட்டையின் (ரஜினி) வாய். அவனுக்குக் கிடைக்காத பெண் அவள். அந்தப் பொறாமை, வதந்தியாக ஊர் சுற்றுகிறது. அந்த அவமானத்தில்தான் தாய் குருவம்மாள் சாகிறாள். காந்திமதி அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்தார் என்பது வெறும் புகழ்ச்சி இல்லை. மகளைத் திட்டும் அதே வாயால் ஊரையும் எதிர்த்து நிற்கும் அந்தத் தாயை ஒவ்வொரு தெருவிலும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படம் வெளியானபோது ஸ்ரீதேவிக்கு வயது 14. காலை நீவிவிடும் அந்த டாக்டர் காட்சியை இன்றைக்குப் பார்க்கும்போது, அதைப் படமாக்கிய இடத்தில் நின்றிருந்த சிறுமியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ‘கிளாசிக்’ என்று கொண்டாடும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

தண்டனை யாருக்கு?

இங்கேதான் கூத்துத் திடலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

விராட பர்வத்தை ஒரு கிராமத்துக் கதையாகவே படித்துப் பாருங்கள். எஜமானி சுதேஷ்ணை, தன் தம்பியின் ஆசை தெரிந்தும், மது வாங்கி வரும் சாக்கில் வேலைக்காரியை அவன் வீட்டுக்கு அனுப்புகிறாள். அவள் தப்பி ஓடிச் சபையில் வந்து விழுகிறாள். கீசகன் எல்லோர் முன்னிலையிலும் அவளை எட்டி உதைக்கிறான். ராஜா வாய் திறக்கவில்லை. மாறுவேடத்தில் அங்கேயே உட்கார்ந்திருக்கும் புருஷன் தருமனும் பொறுத்துக்கொள் என்கிறான். கடைசியில் அவள் இரவில் சமையற்கட்டுக்குப் போய்ப் பீமனை எழுப்ப வேண்டியிருக்கிறது. கீசகன் செத்த பிறகும் விஷயம் முடிவதில்லை. இவளால்தான் எங்கள் அண்ணன் செத்தான் என்று அவன் தம்பிமார்கள் அவளைப் பிணத்தோடு கட்டி எரிக்கப் பார்க்கிறார்கள்.

பழியைப் பெண் தலையில் கட்டுவது எப்படி என்று ஈராயிரம் வருடத்துக் கதைக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் கதை அந்தப் பழியை ஜெயிக்க விடுவதில்லை. எரிக்கக் கிளம்பியவர்கள் அழிகிறார்கள். கூத்து முடிந்து விடிந்ததும் ஊர் யாரைக் கும்பிடப் போகிறது? சபையில் உதைபட்ட அந்தப் பெண்ணைத்தான். திருவண்ணாமலை, செய்யாறு, வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் திரௌபதி அம்மனுக்குக் கோயில் இல்லாத பெரிய ஊரைப் பார்ப்பது கடினம்.

சினிமா செய்தது வேறு. திரௌபதியால் செய்ய முடியாத ஒன்றைச் சினிமாப் பெண் செய்தாள்: ஆசைப்பட்டாள். ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யின் நந்தினிக்குப் பிடித்திருக்கிறது, மனம் சாய்கிறது. ஸ்ரீகிருஷ்ண ஆலனஹள்ளியின் கன்னட நாவலிலிருந்து, கன்னடப் படம் வழியாகத் தமிழுக்கு வந்த கதை அது. மகேந்திரன் 1980-இல் எடுத்த ‘பூட்டாத பூட்டுகள்’ இன்னும் ஒரு படி போய், குழந்தையில்லாத மனைவியின் மனம் வேறொருவனை நாடுவதை நடுவில் வைத்தது. பொன்னீலனின் நாவலைத் தழுவிய அந்தப் படம் ஓடவில்லை. ஆணின் சபலத்தைக் கூத்து முதல் ‘பவளக்கொடி’ வரை லீலை என்று ரசித்துப் பழகிய சபைக்குப் பெண்ணின் ஆசை தொண்டையில் சிக்கியது.

அந்த ஆசைக்கு நம் இயக்குநர்கள் இடம் கொடுத்தார்கள். பெரிய காரியம். ஆனால் இடம் கொடுத்த கையோடு அபராதத்தையும் விதித்தார்கள். ஆசைப்பட்டவள் அழிய வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். பரட்டையின் தலையில் கல்லைப் போட்டுக் கொன்றுவிட்டுச் சப்பாணி (கமல்) ஜெயிலுக்குப் போக, ரயில் நிலையத்தில் மயிலு எத்தனை வருடம் உட்கார்ந்திருப்பாள் என்று படம் சொல்வதில்லை. டாக்டர் எந்த ஊரில் எத்தனை பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறான் என்பதையும் சொல்வதில்லை.

‘உதிரிப்பூக்கள்’ ஒன்றுதான் இந்தக் கணக்கை மாற்றி எழுதியது. அதனால்தான் மேட்டுப்பாளையம் பக்கத்து ஆற்றங்கரையில் எடுத்த அந்தக் கடைசிக் காட்சி நாற்பத்தைந்து வருடம் கழித்தும் உறுத்துகிறது. ஊரே சேர்ந்து சுந்தரவடிவேலுவை ஆற்றுக்கு இழுத்து வருகிறது. யாரும் அவனைத் தொட்டுக் கொல்லவில்லை. நீயே போய் மூழ்கிச் சாவு என்கிறார்கள். சாவதற்கு முன்னால், உங்கள் எல்லோரையும் என்னைப்போல் ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய பாவம் அதுதான் என்கிற பொருளில் அவன் பேசிவிட்டுத் தண்ணீருக்குள் நடக்கிறான். கரையில் இரண்டு குழந்தைகள். சுந்தரவடிவேலுவாக நடித்த விஜயனுக்கு அருகில் நின்ற எல்லோர் முகத்திலும் அந்தச் சமயத்தில் வெற்றி இல்லை. இந்த வரிசையில் சபலத்துக்கு ஆணிடம் கணக்குக் கேட்ட படம் என்று நான் முதலில் சொல்வது இதைத்தான். அது 25 வாரம் ஓடியது. தண்டனையைப் பெண்ணுக்குக் கொடுத்தால்தான் படம் ஓடும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் தயாரிப்பாளர்கள் அந்த 25 வாரத்தை நினைத்துப் பார்க்கலாம்.

போஸ்டரில் மாட்டிக்கொண்ட பெண்கள்

விளைவுகளில் நல்லது நிறைய. கேமரா ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்தது. கறுத்த முகங்கள் கதாநாயகிகள் ஆயின. ராதிகா, வடிவுக்கரசி, பாக்யராஜ், ராஜேஷ் என்று ஒரு தலைமுறையே அந்த வாசல் வழியாக உள்ளே வந்தது. வட்டார வழக்கு திரையில் கேட்டது.

கெட்டதும் இருக்கிறது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

கிராமத்துச் சபலக் கதை வசூல் செய்யும் என்று தெரிந்ததும், கதையிலிருந்து பொறாமையையும் பழியையும் உருவிப் போட்டுவிட்டுச் சபலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் வியாபாரிகள். 1980-இல் ‘வண்டிச்சக்கரம்’ படத்தில் சாராயக் கடைப் பெண்ணாக அறிமுகமானார் ஆந்திரத்து ஏலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த விஜயலட்சுமி. அதற்குப் பிறகு அவர் சில்க் ஸ்மிதா. மறு வருடமே பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’யில் ஒரு மனைவியாக எவ்வளவு அடக்கத்தோடும் வேதனையோடும் நடிக்க முடியும் என்று காட்டிவிட்டார். அந்த மாதிரி வேடத்தோடு அவரைத் தேடிப் போனவர்கள் மிகக் குறைவு. ஊரைக் கெடுக்கும் பெண் என்ற ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். 1996 செப்டம்பர் 23-இல் அவர் இறந்தபோது வயது 35.

அதே பாதையில் இன்னும் கீழே இறங்கினால் காலைக் காட்சிப் படங்கள். மலையாளத்திலிருந்து டப் செய்து, சில லட்சங்களில் எடுத்து, சிற்றூர்க் கொட்டகைகளில் பத்தரை மணிக்கு ஓட்டியவை. 2000-இல் வந்த ‘கின்னாரத் தும்பிகள்’ ஷகீலாவை வைத்து எத்தனையோ கொட்டகைகளின் வாடகையைக் கட்டியது. அந்தக் கதைகளிலும் கிராமம்தான், பொறாமைதான், சபலம்தான். பார்ப்பவன் முகத்தை மூடிக்கொண்டு போனான். நடித்தவளுக்கு மட்டும் முகம் மூட வழியில்லை. ஷகீலா பின்னால் தன் வாழ்க்கையைத் தானே எழுதினார், தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சிக்கு வந்து, வீட்டுப் பெண்கள் ‘ஷகீலாம்மா’ என்று கூப்பிடும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். ஸ்மிதாவுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

கூத்துக்காரனுக்கே வந்த பொறாமை

இந்தப் பகுதியின் கலைக்கும் அந்தச் சினிமா வகைக்கும் நேராக முடிச்சுப் போட்ட படம் என்றால் நாசர் எழுதி, இயக்கி, நடித்து 1995-இல் வந்த ‘அவதாரம்’. கூத்துக் குழு ஒன்றுக்குள் நடக்கும் கதை. வேடம் கட்ட ஏங்கும் குப்புசாமி, கண் தெரியாத பொன்னம்மா, குழுவின் முதன்மை நடிகன் பாசி. ரேவதியும் அறிமுகமான பாலாசிங்கும் நாசரோடு போட்டி போட்டு நடித்திருப்பார்கள். பாசிக்கு வரும் பொறாமை எந்தச் சொத்துக்காகவும் இல்லை. இன்னொருவனுக்கும் நடிப்பு வரும் என்பதைத் தாங்க முடியாத பொறாமை அது. அந்தப் பொறாமைக்கு விலையாகப் போவது அங்கேயும் ஒரு பெண்ணின் உடலும் உயிரும்தான். குப்புசாமி நரசிம்ம வேடத்தோடு பழி தீர்க்கிறான். கூத்து மேடையின் நீதியைச் சினிமாவுக்குள் அப்படியே கொண்டுவந்து வைத்த முயற்சி. இளையராஜாவின் ‘தென்றல் வந்து தீண்டும்போது’ இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. படத்தைத் திரையரங்கில் பார்த்தவர்கள் குறைவு.

■ பெட்டிச் செய்தி: ராஜாவின் இரண்டு பாட்டு

மேலே சொன்ன படங்களில் ‘16 வயதினிலே’, ‘புதிய வார்ப்புகள்’, ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’, ‘உதிரிப்பூக்கள்’, ‘அவதாரம்’ எல்லாவற்றுக்கும் இசை இளையராஜா. ‘கன்னிப் பருவத்திலே’வுக்கு சங்கர் – கணேஷ். அதே இளையராஜா ரமண மகரிஷியின் பக்தர். ‘ரமண மாலை’ என்று பாடல் தொகுப்பே செய்திருக்கிறார். ஆசிரமத்துப் பக்கத்துக் கடையில் ‘ரமண மாலை’யும், அடுத்த ஆட்டோவில் ‘ரோசாப்பூ ரவிக்கைக்காரி’யின் ‘உச்சி வகுந்தெடுத்து’ம் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டும் ஒரே மனிதரின் மெட்டு. மனைவி கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்வதை நம்ப மறுக்கும் ஒருவனின் துக்கத்துக்கு மெட்டுப் போட்டவர், ‘நான் யார்’ என்ற கேள்விக்கு முன்னாலும் உட்கார்ந்திருக்கிறார்.

வட ஆற்காடு எங்கே?

சினிமாவின் கிராமம் தேனியில் இருக்கிறது, மதுரையில் இருக்கிறது, பொள்ளாச்சியில், கோபிசெட்டிபாளையத்தில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்தில் அநேகமாக இல்லை. 1989-இல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம், திரையில் வரும்போதெல்லாம் கோபுரமாக, தீபமாக, கிரிவலமாகத்தான் வருகிறது. பரட்டையாக அறிமுகக் காலத்தில் மிரட்டிய ரஜினி, சரியாக இருபது வருடம் கழித்து ‘அருணாச்சலம்’ ஆனார். மலையின் பெயர் சினிமாவுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் மணிலாக்கொட்டை ஆய்கிறவளின் கதை தெரியாது.

தெரியாமல் போனதற்கு ஆள் இல்லாதது காரணம் இல்லை. நடிகர்கள் இங்கே பரம்பரையாக இருக்கிறார்கள். செய்யாறு பக்கம் புரிசை கிராமத்தில் கண்ணப்ப தம்பிரான் கட்டிக் காத்த கூத்துப் பரம்பரை, ந.முத்துசாமியின் கூத்துப்பட்டறைக்குப் பாலபாடம் சொன்னது. கார்சியா மார்க்கேஸின் சிறுகதையைக்கூடக் கூத்தாக்கி ஆடியிருக்கிறார்கள். கூத்து ஜமாக்கள் இன்று யூடியூபில் முழு இரவுக் கூத்தைப் பதிவேற்றுகின்றன. பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போனவர்கள் போனில் கர்ண மோட்சம் பார்க்கிறார்கள். வட ஆற்காட்டுத் தமிழ் கூத்தில் உயிரோடு இருக்கிறது, சினிமாவில் அது இன்னும் பெரும்பாலும் காமெடியனுக்குக் கொடுக்கும் தமிழாகவே இருக்கிறது. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது வலிக்கிற விஷயம்.

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் பாருங்கள். வெளியூர்க்காரன் வந்து இறங்கினான் என்பதுதானே அந்தப் படங்களின் முதல் காட்சி? இந்த ஊரின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி ரயிலில் வந்து இறங்கிய வேங்கடராமன் என்ற பையனுக்கும் 16 வயதுதான். பின்னாளில் அவர் ரமணர் ஆனார். 1922-இல் அவருடைய தாய் அழகம்மாள் சமாதியான இடத்தைச் சுற்றித்தான் ஆசிரமமே எழுந்தது. எழுத்தாளர் பால் பிரன்டன் வந்தார், 1938-இல் நாவலாசிரியர் சாமர்செட் மாம் வந்தார், அதற்குப் பிறகு வெளியூரும் வெளிநாடும் வருவது நிற்கவே இல்லை. கார்த்திகை தொடங்கி மாசி வரை இந்தச் சாலையில் தமிழைவிட மற்ற மொழிகள் அதிகம் கேட்கும்.

வெளியூர்க்காரர்களோடு நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்து பழகிய இந்த இடத்தில் பொறாமையும் சபலமும் வேறு வடிவம் எடுத்திருக்கின்றன. நிலம் விற்றவனுக்கும் விற்காதவனுக்கும் நடுவில் பொறாமை. விடுதிக்கும் வெளிநாட்டவர் வீட்டுக்கும் வேலைக்குப் போய்ச் சொந்தமாகக் காசு பார்க்கும் பெண்ணைப் பற்றித் தெருமுனையில் பேச்சு. அவள் ஸ்கூட்டி வாங்கினால் அதற்கொரு கதை, போனில் சிரித்தால் அதற்கொரு கதை. பரட்டையின் வாய்க்கு இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது. டாக்டரின் பேன்ட் சட்டைக்குப் பதிலாகச் சாம்பல் நிற லினன் வேட்டி இருக்கலாம். கதைக்குத் தேவையான எல்லாம் ஆசிரமத்தின் இந்தச் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

ஒரு சேவலும் ஒரு பெண்ணும்

இப்படி ஒரு படத்தை இன்றைக்கு எடுக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு 2024 ஆகஸ்ட் 23-இல் வெளியான ‘கொட்டுக்காளி’ இருக்கிறது. பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கம், சிவகார்த்திகேயன் தயாரிப்பு, பெர்லின் திரைப்பட விழாவில் முதல் திரையிடல். முறைமாமன் பாண்டி (சூரி), அவனுக்கு நிச்சயித்த மீனா (அன்னா பென்). அவள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள் என்பதால் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் அவளைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. பலி கொடுக்க ஒரு சேவலும் கூட வருகிறது. அன்னா பென் பேசும் வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பின்னணி இசையே கிடையாது. சூரியின் தொண்டை கட்டிக்கொண்டு குரல் கரகரக்கிறது. ஆத்திரம் தாங்காமல் நடுவழியில் எல்லோரையும் அடிக்கிறான். கடைசியில் சாமியாடி வேறொரு பெண்ணுக்குச் செய்யும் ‘வைத்தியத்தை’ப் பாண்டி தன் கண்ணால் பார்க்கிறான். அவன் என்ன முடிவெடுத்தான் என்று படம் சொல்லவில்லை.

மீனா சாகவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை. கெஞ்சவில்லை. ஆண்தான் யோசிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறான். 1979-இல் சுந்தரவடிவேலு தண்ணீருக்குள் நடந்த இடத்திலிருந்து அடுத்த அடியை எடுத்து வைக்க நாற்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. முடிவு எங்கே என்று கோபப்பட்டவர்கள் நிறையப் பேர்; அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய் மனைவியோடும் மகளோடும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் படம் வேலை செய்திருக்கிறது என்றே கொள்வேன்.

அதுவும் மதுரைப் பக்கத்துக் கதை. வட ஆற்காட்டின் முறை இன்னும் வரவில்லை. குறைந்த செலவில் எடுக்கும் நல்ல படத்துக்கு மாநில அரசின் மானியத் திட்டம் இருக்கிறது. கேமரா விலை ராஜ்கண்ணு காலத்தைவிட எவ்வளவோ இறங்கிவிட்டது. ஆற்காட்டுத் தமிழை நாக்கில் வைத்திருக்கும், பத்து மணி நேரம் நின்று ஆடக்கூடிய நடிகர்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பெண் வேடம் கட்டிக் கட்டி, உதைபட்டுச் சபையில் விழுந்தவளின் நியாயத்தை அவர்கள் தொண்டையிலேயே சுமக்கிறார்கள். கூத்து வேண்டும் என்றால் ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்து ஜமாவின் வாத்தியாரிடம் தாம்பூலம் கொடுப்பது இங்கே வழக்கம். பங்குனிக்கு முன்னால் போனால் வாத்தியார்கள் வீட்டில் இருப்பார்கள். தாம்பூலத்தோடு ஒரு சினிமா கம்பெனி வரட்டும்.